கிணற்றைச் சுற்றி வெள்ளை

“கிணத்துக்குள்ள மருந்து போடாம பள்ளிக்கூடத்தைத் திறக்கக் கூடாது, சார்.”

பிரம்மசக்தி இதைச் சொன்னபோது தாளாளர் சிவசண்முகத்தின் வீட்டு முன்கட்டில் மின்விசிறி ஒன்றுதான் அசைந்துகொண்டிருந்தது. சுவரோரம் நாற்காலிகளில் இருந்த ஆசிரியர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் தரையைப் பார்த்தார்கள். தலைமையாசிரியை சொர்ணாம்பாள் கைப்பையின் கொக்கியைத் திறந்தாள், மூடினாள், மறுபடியும் திறந்தாள்.

எதைக் கேட்டாலும் அதை மட்டும் கேட்டுவிடாதே என்று பிரம்மசக்திக்கு முன்கூட்டியே சொல்லப்பட்டிருந்தது. சொன்னது சொர்ணாம்பாள்தான். அன்று காலை இரண்டு பேருமாகச் சேர்ந்து வரும்போது கோயில் வாசலில் செருப்பைக் கழற்றி, கன்னத்தில் போட்டுக்கொண்டு, சாமியிடம் பேசிய அதே குரலில் அவளிடமும் சொன்னாள்: “கிணத்துப் பேச்சை மட்டும் எடுத்துராத, என்ன? அண்ணாச்சி தாங்க மாட்டாவ.”

அதற்கும் முன்னால் அப்பா சிவசைலம் சொல்லியிருந்தார். அவர் தாளாளர் வீட்டு வயலிலேயே நடவும் அறுப்புமாக முதுகு வளைந்தவர். மகளுக்கு அந்த வீட்டுப் பள்ளிக்கூடத்திலேயே வேலை கிடைத்த அன்று, சந்தோஷப்படுவதற்கு முன்னால் புத்தி சொன்னார். அந்த வீட்டில் நாமாக எதையும் கேட்கக் கூடாது, கொடுத்தால் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதுதான் அந்தப் புத்தி. அவர் ஆயுசு முழுக்க அப்படித்தான் இருந்தார். கொடுத்ததை வாங்கிக்கொண்டார். கொடுக்காததை மறந்துவிட்டார். கீழத்தெருவின் முதல் பட்டதாரியான மகளுக்கு மறக்கிற பழக்கம் இல்லை. வேதியியல் படித்தவள். ஐயா என்று கூப்பிட வேண்டியவரை சார் என்று கூப்பிட்டதற்கே அப்பா ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பள்ளிக்கூடம் அடைத்துக் கிடந்ததற்கு வெள்ளம் ஒரு காரணம் என்றால், வெள்ளத்துக்குப் பின்னால் வந்தது இன்னொரு காரணம். தொண்ணூற்றிரண்டாம் வருஷம் ஐப்பசிக் கடைசியில் தாமிரபரணி கரையை மீறி ஏறியது. சேரன்மகாதேவிக்குக் கீழே ஆற்றை ஒட்டிக் கிடந்த கோட்டைமடை முங்கி எழுந்தது. பள்ளிக்கூடக் கட்டடம் மட்டும் மேட்டில் நின்றது. நெசவாளர் தெருவும் கீழத்தெருவும் பானையும் பாயுமாக அங்கே ஏறிக்கொண்டன. ஆனால் பள்ளிக்கூடத்துக்கும் கோயிலுக்கும் நடுவில், சரிவில் இருக்கிற கிணற்றுக்குள் ஆறு ராத்திரி முழுக்கப் படுத்துக் கிடந்துவிட்டுப் போனது. வந்த ஆறு சும்மா வரவில்லை. ஊதிப்போன எருமையையும், நிரம்பி வழிந்த கக்கூஸ் குழிகளையும், ஊர் ஊராக வழித்த அத்தனையையும் கொண்டு வந்தது. மேலே தெளிந்ததும் முகாமில் இருந்தவர்கள் அதைத்தான் இறைத்துக் குடித்தார்கள். குடிக்க வேறு தண்ணீர் இல்லை.

பிறகு வாந்தியும் பேதியும் ஆரம்பித்தன. அதற்குக் காலரா என்று பெயர் இருப்பது கோட்டைமடையில் எல்லாருக்கும் தெரியும். யாரும் சொல்லவில்லை. வந்து பார்த்த சுகாதாரக்காரர் வயிற்றுப்போக்கு என்றார். சிவசண்முகம் ‘அஜீரணம்’ என்றார். சொர்ணாம்பாள் ‘அது’ என்றாள். பெயரைச் சொன்னால் அரசாங்கத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டும், ஊருக்குள் வண்டி வராது, திருவிழாவுக்கு ஆள் வராது. சொல்லாவிட்டால் சாகிறவர்கள் பெயரில்லாமல் சாவார்கள், அவ்வளவுதான்.

ஆறாம் வகுப்பு ருக்சானா அப்படித்தான் செத்தாள். முதல் வரிசையில் உட்காருகிறவள். கேள்வி கேட்டு முடிப்பதற்குள் கையைத் தூக்கிவிட்டு, எழுந்து நின்ற பிறகு பதிலை யோசிப்பாள். அவள் வாப்பா ஹசன் அலி தறி நெய்கிறவர். ரோட்டை ஆறு அரித்துப் போட்டிருந்ததால் சைக்கிளில் மகளை உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டே சேரன்மகாதேவி ஆஸ்பத்திரிக்குப் போனார். பாதி வழியில் பிள்ளையின் தலை அவர் கைமேல் சாய்ந்தது. அதற்கப்புறமும் நிற்காமல் தள்ளிக்கொண்டுதான் போனாராம்.

துக்கம் கேட்கப் போன பிரம்மசக்தியிடம் அவர் ஒன்றுதான் சொன்னார்.

“வேற எங்கனயும் அவ தண்ணி குடிக்கல டீச்சர். பள்ளியோடத்துத் தண்ணியத்தான் குடிச்சா. பள்ளியோடத்துத் தண்ணில்லா, நல்லாத்தான் இருக்கும்னு நெனச்சோம்.”

குற்றமாகச் சொல்லவில்லை. குற்றமாகச் சொல்லியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள்.

மருந்து வராமல் இல்லை. பிளீச்சிங் பவுடர் மூட்டை மூட்டையாக வந்து பள்ளிக்கூடத்து வராந்தாவில் இறங்கியது. தாளாளர் வீட்டு ஆட்கள் அதைப் பிரித்து, மந்திரி வரும்போது செய்வார்களே, அப்படிக் கோயில் தெருவின் இரண்டு ஓரமும் கோடு இழுத்தார்கள். பள்ளிக்கூட வாசலில் தூவினார்கள். கிணற்றைச் சுற்றி மார்கழிக் கோலம் மாதிரி அகலமாக ஒரு வட்டம் போட்டார்கள். தூரத்திலிருந்து பார்க்கிறவன் கண்ணுக்கு ஊரே சுத்தமாகத்தான் தெரியும். கிணற்றுக்குள் மட்டும் ஒரு சிட்டிகை விழவில்லை. காற்றில் பறந்துகூட விழுந்துவிடக் கூடாது என்று, தூவுவதற்கு முன்னால் கிணற்றின் வாயைத் தென்னந்தட்டியால் மூடியிருந்தார்கள். அவர்கள் மூடியதைப் பிரம்மசக்தி தன் கண்ணால் பார்த்தாள். முதலில் அவளுக்குப் புரியவில்லை. புரிந்தபோது சிரிப்பு வந்தது.

காரணம் சாமி. கார்த்திகைச் சோமவாரம் ஒவ்வொன்றிலும் அந்தக் கோயிலில் சங்காபிஷேகம் உண்டு. நூற்றெட்டுச் சங்கில் தண்ணீர் நிறைத்துப் பூசை செய்து லிங்கத்துக்கு ஊற்றுவார்கள். மூன்றாவது சோமவாரம் சிவசண்முகம் வீட்டுக் கட்டளை, செலவு அவருடையது. எப்போதும் ஆற்றிலிருந்துதான் தண்ணீர் வரும். இந்த வருஷம் படித்துறை சேற்றுக்கு அடியில் கிடந்தது, ஆறு செம்மண் கரைசலாக ஓடியது. அதனால் கிணற்றுத் தண்ணீர் என்று முடிவாயிற்று. மருந்து வாடை அடிக்கிற தண்ணீர் அபிஷேகத்துக்கு ஆகாது. பாபநாசத்திலிருந்து வண்டியில் கொண்டுவரலாமே என்று குருக்களே சொல்லிப் பார்த்தார். ஊர் எல்லைக்குள் எடுத்த தண்ணீரில்தான் தன் பாட்டனார் காலத்திலிருந்து நடக்கிறது, தன் காலத்தில் மாறாது என்று சிவசண்முகம் சொல்லிவிட்டார்.

அதே திங்கட்கிழமை காலையில்தான் பள்ளிக்கூடத்தையும் திறப்பதாக ஏற்பாடு. மாவட்டத்திலிருந்து அதிகாரி வருகிறார். அபிஷேகம் பார்த்துவிட்டு, அப்படியே பள்ளிக்கூடத்துக்கு வந்து பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுப்பார். வெள்ளம் வந்த ஊரில் பள்ளிக்கூடம் நடக்கிறது என்று பத்திரிகையில் படம் வரும். அதற்குப் பிள்ளைகள் வேண்டும். அதற்குத்தான் இந்தக் கூட்டம்.

சிவசண்முகம் கோபப்படவில்லை. அவருக்குக் கோபம் வந்தால் குரல் இன்னும் மெதுவாகும். மற்ற ஆசிரியைகளை எல்லாம் டீச்சர் என்றும் நீங்கள் என்றும் சொல்கிறவர் அவளை மட்டும் பிள்ளே என்பார்.

“மருந்து போட்டாச்சே பிள்ளே. வரும்போது நீ பாக்கலையா?”

“பாத்தேன் சார். வெளிய போட்டிருக்கு. பிள்ளைங்க தரையையா குடிக்கும்?”

யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். சொர்ணாம்பாளின் கொக்கி மறுபடியும் மூடிக்கொண்டது.

அவர் தலையை ஆட்டிக்கொண்டே பேசினார். வெள்ளத்தில் தன் வயல் முழுக்க மணல் மூடிவிட்டதைச் சொன்னார். தண்ணீர் வடிகிற வரைக்கும் முகாமில் இருந்த அத்தனை பேருக்கும் தன் வீட்டிலிருந்துதான் சோறு போனது என்பதைச் சொல்லாமல், “வயித்துக்குப் பாத்தவனுக்கு உசிர்மேல அக்கறை இருக்காதா?” என்று மட்டும் கேட்டார். அது உண்மை. அவர் மனைவி முழங்கால் சேற்றில் நின்று கரண்டி பிடித்துப் பரிமாறினாள். பிரம்மசக்தியும் அந்தச் சோற்றைத் தின்றவள்தான். அவர் கெட்டவராக மட்டும் இருந்திருந்தால் இந்தப் பேச்சு எவ்வளவோ லேசாக இருந்திருக்கும்.

அவள் கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் பார்த்தாள். சோமவார அபிஷேகம் நடக்கட்டும், வேண்டிய தண்ணீரை எடுத்துக்கொள்ளட்டும். மத்தியானம் கிணற்றுக்குள் மருந்து போடுவோம். ஒரு ராத்திரி கிடக்கட்டும். மறுநாள் பூராவும் இறைத்துவிட்டு, புதன்கிழமை பள்ளிக்கூடத்தைத் திறப்போம். இரண்டே நாள்தான். சாமிக்கும் குறை இல்லை, பிள்ளைகளுக்கும் குறை இல்லை. இதைச் சொல்லும்போது அவள் குரல் கெஞ்சுகிற மாதிரி ஆகிவிட்டது. அதற்காக அப்புறம் தன்மேலேயே அவளுக்கு எரிச்சல் வந்தது.

சிவசண்முகம் அதையும் யோசிக்கிறவர் மாதிரிதான் கேட்டார். பிறகு பிரச்சினை மருந்து இல்லை என்று விளக்கினார். அதிகாரி திங்கட்கிழமைதான் வருகிறார். திறப்பைத் தள்ளிப்போட்டால் ஏன் என்று கேட்பார்கள். கிணறு என்று சொன்னால் கிணற்றுக்கு என்ன என்று கேட்பார்கள். அப்புறம் பத்திரிகைக்காரன் அந்த வார்த்தையை எழுதுவான்.

“எழுதிட்டான்னா இந்த ஊருக்கு எவன் பொண்ணு குடுப்பான், எவன் பொண்ணு எடுப்பான்? நீயும் கல்யாணம் ஆக வேண்டிய பிள்ளைதானே?”

அப்போது உள்ளேயிருந்து தண்ணீர் வந்தது. தட்டில் எல்லாருக்கும் வெள்ளி டம்ளர், ஓரத்தில் அவளுக்கு மட்டும் ஒரு கண்ணாடி டம்ளர். அதுவும் அவளுக்குப் பழகியதுதான். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்த வீட்டில் அவளுக்கென்று அந்த ஒரு டம்ளர் இருந்தது. அன்றைக்கு அவள் பார்த்தது டம்ளரை இல்லை. கண்ணாடி என்பதால் உள்ளே இருந்தது தெரிந்தது. தண்ணீர் லேசாக மஞ்சள் பூத்திருந்தது. அடியில் சீரகம் கிடந்தது. விரலால் தொட்டுப் பார்த்தாள். வெதுவெதுப்பு இன்னும் ஆறவில்லை.

“வீட்டுல தண்ணியக் காய்ச்சியா குடிக்கிய, சார்?”

“பேரன் வந்திருக்கான்லா. பாளையங்கோட்டையில அவன் பள்ளியோடம் இன்னும் தெறக்கல. தண்ணி சரியாகட்டும்னு அவங்களே லீவை நீட்டிட்டாங்க. நாமளும் சின்னப் பிள்ளைக்கு எதுக்கு வம்ப...”

அங்கே நிறுத்தினார். தான் சொன்னது தன் காதிலேயே விழுந்த மாதிரி இருந்தது. மற்ற ஆசிரியர்கள் தங்கள் தங்கள் டம்ளருக்குள் பார்த்தார்கள். தமிழ் டீச்சர் மட்டும் மடமடவென்று முழுக்கக் குடித்துவிட்டு, டம்ளரைக் கீழே வைக்கத் தெரியாமல் கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

பிரம்மசக்தி சொல்ல வேண்டியதை அவரே சொல்லிவிட்டார். டம்ளரைக் குடிக்காமல் காலடியில் வைத்தாள். வைத்த அந்த நிமிஷத்திலேயே என்ன செய்யப் போகிறாள் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. அதற்கப்புறம் அங்கே நடந்ததெல்லாம் மற்றவர்களுக்காக நடந்தது.

சிவசண்முகம் பக்கக்கட்டுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். சிவசைலம் வந்து முற்றத்தில் நின்றார். வைக்கோல் பிரித்துக்கொண்டிருந்த கை. தோளில் கிடந்த துண்டு தானாகவே கக்கத்துக்குப் போனது. தான் எதற்குக் கூப்பிடப்பட்டோம் என்பது மகளின் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

“ஒம் மவ நல்லாப் பேசுதா, சிவசைலம்.”

“படிச்ச பிள்ளை ஐயா. ஏதோ புஸ்தகத்துல கெடக்குறதச் சொல்லுதா. நான் சொல்லிக்கிடுதேன்.” பிறகு அவளைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தாள். திட்டவில்லை. “ரெண்டு நாள்ல என்ன ஆயிரப் போவுது, தாயி?”

“ருக்சானாவுக்கு ஒரு நாள்தான் ஆச்சுப்பா.”

அந்தச் சைக்கிள் கீழத்தெரு வழியாகத்தான் போனது. சிவசைலமும் கொஞ்ச தூரம் பின்னால் பிடித்துத் தள்ளியிருந்தார்.

சிவசண்முகம் இப்போது அவளிடம் நேராகப் பேசினார். அதில் மிரட்டல் எதுவும் இல்லை. பெண்ணுக்கு நகை எடுக்கிறவர் மாதிரி ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். அவள் நியமனம் இன்னும் அரசாங்கத்தில் உறுதியாகவில்லை. அதற்குத் தாளாளர் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். சோமவாரம் கழிந்ததும் போட்டு அனுப்பிவிடுவார். அதற்கப்புறம் அவள் ஓய்வு பெறுகிற வரைக்கும் யாரும் அசைக்க முடியாது. பதிலுக்கு அவர் கேட்பது சின்ன விஷயம்.

அந்தச் சின்ன விஷயம் இதுதான். கோட்டைமடை மாதிரி உதவி பெறும் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் குறைந்தால் ஆசிரியர் இடமும் குறையும். அதனால் ஒவ்வொரு ஜூனிலும் ஆசிரியர்கள் தெருத் தெருவாகப் போய்ப் பிள்ளை சேர்ப்பார்கள். ஆளுக்கு ஒரு தெரு. நெசவாளர் தெருவும் கீழத்தெருவும் பிரம்மசக்திக்கு. அவள் வருவதற்கு முன்னால் அங்கிருந்து பாதிப் பிள்ளைகள் தறிக்கும் வயலுக்கும் போய்க்கொண்டிருந்தன. அவள் வாசல் வாசலாக உட்கார்ந்து, டீ குடித்து, சண்டை போட்டு, தன்னையே உதாரணமாகக் காட்டி, ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டு வந்தாள். எங்களுக்குப் பள்ளிக்கூடம் தெரியாது டீச்சர், உங்களைத்தான் தெரியும் என்று சொல்லித்தான் தாய்மார்கள் அனுப்பினார்கள். ருக்சானாவையும் அப்படித்தான் தறியிலிருந்து எழுப்பிக் கூட்டி வந்தாள்.

வெள்ளத்துக்குப் பிறகு அந்த இரண்டு தெருவும் பள்ளிக்கூடம் என்றாலே கதவைச் சாத்திக்கொண்டன. சொர்ணாம்பாள் போய்ப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பியிருந்தாள். மற்ற தெருப் பிள்ளைகள் மட்டும் வந்தால் வகுப்பு பாதி காலியாகத் தெரியும். படத்திலும் காலியாகத்தான் தெரியும்.

“நீ போய்க் கூப்பிட்டா வருவாங்க. திங்கக்கிழமை காலையில அதிகாரி முன்னால நீயே மொத வாளி இறைச்சு ஒரு டம்ளர் குடிச்சுக் காட்டிரு. நீ குடிச்சா ரெண்டு தெருவும் குடிக்கும்.”

பிள்ளைகளைப் பிடித்து வரவும் அவள், தண்ணீரைக் குடித்துக் காட்டவும் அவள். அதனால்தான் இவ்வளவு நேரம் அவளிடம் பொறுமையாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அந்தப் பள்ளிக்கூடத்தில் அவளிடம் இருந்த ஒரே சொத்து அந்தத் தாய்மார்களின் நம்பிக்கை. அதை விலைக்குக் கேட்கிறார்கள். நல்ல விலைதான். கீழத்தெருவில் யாருக்கும் அதுவரை அப்படி ஒரு விலை வந்ததில்லை.

“சரி சார். போறேன்,” என்று எழுந்தாள்.

சொர்ணாம்பாள் மூச்சு விட்டது எல்லாருக்கும் கேட்டது. “நான்தான் சொன்னேம்லா அண்ணாச்சி. சொன்னா கேக்குற பிள்ளை. கொஞ்சம் வாய்தான்.” நாற்காலிகள் அசைந்தன. யாரோ திங்கட்கிழமை மிட்டாயா லட்டா என்று கேட்டார்கள். முற்றத்தில் சிவசைலம் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பிரம்மசக்தி நிலைப்படியில் நின்று திரும்பினாள்.

“வீடு வீடாத்தான் போறேன் சார். கிணத்துக்குள்ள மருந்து விழுந்து ஒரு ராத்திரி கழியுற வரைக்கும் ஒரு பிள்ளையையும் அனுப்பாதியன்னு சொல்லப் போறேன். வந்த சீக்குக்குக் காலரான்னு பேருன்னும் சொல்லப் போறேன். இந்த வீட்டுல தண்ணியக் காய்ச்சிக் குடிக்காவ, நீங்களும் காய்ச்சிக் குடிங்கன்னும் சொல்லுவேன்.”

சொர்ணாம்பாளின் வாய் திறந்தபடியே இருந்தது. மிட்டாய் கேட்டவர் கேட்டதை விழுங்கினார். சிவசண்முகம் எழுந்திருக்கவில்லை. குரல் இன்னும் மெதுவாயிற்று.

“அந்தக் கையெழுத்து?”

“அத நீங்களே வச்சுக்கிடுங்க.”

“அப்பாவை நெனச்சுப் பாத்தியா, பிள்ளே?”

நினைத்துப் பார்த்தாள். அதுதான் கடைசியாக இருந்த கத்தி, அதையும் எடுப்பார் என்று தெரியும். முற்றத்தில் நின்றவரைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை, ஐயாவையும் பார்க்கவில்லை. தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நாளைக்கு இந்த முற்றத்துக்குள் அவரை விடமாட்டார்கள். இந்த வயதில் புதிதாக ஒரு வாசலில் போய் நிற்க அவருக்குத் தெரியாது. அவள் முற்றத்தில் இறங்கினாள்.

“ஏட்டி,” என்றார் சிவசைலம். அவ்வளவுதான். போ என்றும் சொல்லவில்லை, நில் என்றும் சொல்லவில்லை. அவள் பக்கத்தில் வந்தபோது அரை அடி விலகி வழிவிட்டார். வழக்கமாக அந்த முற்றத்தில் எல்லாருக்கும் அப்படி விலகுகிறவர்தான். இன்றைக்கு எதற்காக விலகினார் என்று அவளுக்குத் தெரியவில்லை, கேட்கவும் நிற்கவில்லை.

வாசலுக்கு வெளியே வெயில் சுள்ளென்று அடித்தது. தெருவின் இரண்டு பக்கமும் பவுடர் கோடுகள் கண்ணைக் கூசவைத்தன. இடது கைப்பக்கம் கோயில். சங்குகளைக் கிணற்றடியில் போட்டுக் கழுவுகிற சத்தம் கேட்டது. வலது கைப்பக்கம் நெசவாளர் தெரு. முதல் வீடு ஹசன் அலியுடையது. பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாதே என்று சொல்ல அந்த வீட்டில் பிள்ளை இல்லை. ஆனாலும் அங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும் என்று அவளுக்குப் பட்டது. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வலது பக்கம் திரும்பி நடந்தாள்.